இணையமும் கத்தித் தொகுப்பின் வளர்ச்சியும்

மனிதன் தன் கைக்குத் துணையாக ஆக்கிக்கொண்ட கருவிகளுள் கத்தியினும் பழமையானவை மிகச் சிலவே. கல்லைச் சீவிக் கூராக்கிய காலந்தொட்டு எஃகை உருக்கித் தீட்டும் இக்காலம் வரையில், உண்பதற்கும் உடுப்பதற்கும் உழுதொழிலுக்கும் கத்தி உதவாத நாள் இல்லை. நாம் 'பேனாக்கத்தி' என்று வழங்கும் சிறு மடக்குக் கத்தியானது, மேனாட்டார் இறகுப் பேனாவின் நுனியைச் சீவுவதற்கென்று உடன் வைத்திருந்தமையால் அப்பெயர் பெற்றது. ஓலையில் எழுதிய நம் முன்னோரும், ஒரு புறம் ஆணியும் ஒரு புறம் கத்தியுமாக அமைந்த மடக்கெழுத்தாணியைக் கையாண்டனர். ஆகவே, கல்விக்கும் கத்திக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கல்லூரிச் சஞ்சிகையொன்றில் கத்தியைப் பற்றிப் பேசுவது இயைபில்லாத செயலன்று.

தபால் தலைகளையும் பழங்காசுகளையும் திரட்டுவாரைப் போலவே, கத்திகளைத் திரட்டி வைத்து ஆராய்ந்து மகிழ்வாரும் உலகிற் பலர் உளர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வழக்கம் மிகுதி; இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்சு, ஜப்பான் முதலிய நாடுகளிலும் உண்டு. இவர்களுட் பலர் விரும்புவன பகைவரை அச்சுறுத்தும் படைக்கலங்கள் அல்ல. உழவரும் தச்சரும் மாலுமியரும் பள்ளிச் சிறுவரும் சட்டைப்பையில் வைத்து வழங்கிய மடக்குக் கத்திகளேயாம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக இணையம் என்னும் மின்வலை உலகெங்கும் பரவியதன் பயனாக, இத்தொகுப்புக்கள் வளரும் முறை பெரிதும் மாறிவிட்டது. அம்மாறுதல் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் விளைந்த நன்மை யாது, தீமை யாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம். கத்தி ஒன்றும் திரட்டாதார்க்கும் இவ்விளக்கம் பயன்படும். நூல் திரட்டுவார்க்கும், காசு திரட்டுவார்க்கும், செய்தி திரட்டுவார்க்கும் இணையம் செய்வது இதுவேயாகலின்.

முதற்கண், இணையத்திற்கு முற்பட்ட நிலையை நோக்குவோம். அக்காலத்தில் ஒருவருடைய தொகுப்பு அவர் நடந்து செல்லக்கூடிய தூரத்திற்குள்ளேயே வளர்ந்தது. ஊரிலுள்ள இரும்புக் கடை, இறந்துபோன முதியவர் ஒருவருடைய வீட்டுப் பொருள்களின் ஏலம், ஞாயிறு தோறும் கூடும் பழம்பொருட் சந்தை ஆகிய இவையே அவர் தேடும் இடங்கள். ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோ கூடும் கத்திக் காட்சிகளுக்குச் சிலர் நெடுந்தூரம் சென்று வந்தனர். 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கத்தி சேகரிப்போரின் தேசியச் சங்கம் ஒன்று தோன்றிற்று. பெர்னார்டு லெவைன் என்பார் 1985ஆம் ஆண்டில் கத்திகளையும் அவற்றின் விலைமதிப்பையும் விளக்கும் வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டார். அதுபோன்ற நூல்களே பலருக்கு ஆசிரியராக விளங்கின. வேண்டிய கத்தி ஒன்றைத் தேடிப் பத்தாண்டுகள் காத்திருத்தலும் வியப்பன்று. இந்நிலையில், பொருளின் அருமையே சேகரிப்பவருக்குக் காவலாயிருந்தது. வாங்க விரும்பினும் கிடையாமையால் பணப்பை காக்கப்பட்டது. கிடைத்த ஒன்றை நெடுநாள் கையில் வைத்துப் பார்த்தமையால் அறிவும் தானே வளர்ந்தது.

தொகுப்பொன்று ஏன் வளர்கின்றது என்பதை அறிதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பென்ஸில்வேனியா மாநிலத்துப் பிராட்போர்டு நகரில் 'கேஸ்' என்னும் பெயர் பெற்ற கத்தித் தொழிற்சாலை ஒன்று உளது. இத்தொழிற்சாலையார் தம் கத்திகளுக்கு எண் கொடுக்கும் முறை நுட்பமானது. 6254 என்னும் எண்ணில், முதலிலுள்ள 6 என்பது பிடி எலும்பாலானது என்பதையும், அடுத்த 2 என்பது அலகுகள் இரண்டு என்பதையும், இறுதியிலுள்ள 54 என்பது கத்தியின் வடிவத்தையும் குறிக்கும். அதே கத்தி மான்கொம்புப் பிடி பெறின் 5254 ஆகும். மஞ்சள் நிறச் செயற்கைப் பிடி பெறின் 3254 ஆகும். மேலும், 1970ஆம் ஆண்டில் இவர்கள் அலகின் அடியில் முத்திரையின் கீழே பத்துப் புள்ளிகளைப் பொறித்தனர். பின்னர் ஆண்டுதோறும் ஒரு புள்ளியை நீக்கி வந்தனர். எனவே ஒன்பது புள்ளி உடையது 1971ஆம் ஆண்டினது; ஒரே புள்ளி உடையது 1979ஆம் ஆண்டினது. 1980ஆம் ஆண்டில் முத்திரையின் எழுத்து வடிவைச் சிறிது மாற்றி மீண்டும் பத்துப் புள்ளிகளிலிருந்து தொடங்கினர்.

இம்முறை வாங்குவோர் உள்ளத்தில் விளைக்கும் மாறுதலைக் கருதுக. ஒரு கத்தி வைத்திருந்தவருக்கு அது வெறுங் கத்தி. எண்ணின் பொருளும் புள்ளியின் பொருளும் தெரிந்த பின்னரோ, அது பத்து வரிசைகளில் ஒன்று. மற்றை ஒன்பது இடங்களும் வெற்றிடங்கள். கையிலுள்ள கத்தியினும் இல்லாத கத்தியே இனி அவர் நினைவில் மிகுதியாக நிற்கும். தொகுப்பை வளர்ப்பது இவ்வெற்றிடமேயாம். அறிவு ஆசையைப் பிறப்பிக்கின்றது. ஆசை தேடச் செய்கின்றது. தேடியவன் மேலும் அறிகின்றான். இச்சக்கரம் முன்னாளில் மெல்லச் சுழன்றது. இணையம் இதனை விரைந்து சுழலச் செய்தது.

1995ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கலிபோர்னியாவிலிருந்த பியர் ஒமிடியார் என்பார் பின்னர் 'ஈபே' எனப் பெயர் பெற்ற மின்வலை ஏலக்கூடத்தைத் தொடங்கினார். அதுமுதல், ஷெபீல்டு நகரத்து வீடொன்றின் பரண்மேற் கிடந்த கத்தியை டெக்ஸஸ் மாநிலத்தான் ஒருவன் தன் மேசையிலிருந்தே கண்டு விலை கூறுதல் இயல்வதாயிற்று. வாங்குவோனும் விற்போனும் ஒருவரையொருவர் காணாமலே, அஞ்சலின் வழியாகக் கத்தி கை மாறுகின்றது. முன்னர் ஊர் எல்லை தொகுப்பிற்கு எல்லையாயிருந்தது. இப்பொழுது உலக எல்லையே அதற்கு எல்லை.

இதனால் விலைகள் இருவேறு வகையாக மாறுதல் இயல்பு. ஓர் ஊரில் ஒன்றே காணப்பட்டமையால் அரியது என்று கருதப்பட்ட கத்தி, உலகெங்கும் தேடிப் பார்க்குங்கால் நூற்றுக்கணக்கில் உளது என்று வெளிப்படும். அதன் விலை தாழும். உண்மையிலேயே அரிய கத்தியோ, அதனை விரும்பும் செல்வர் அனைவரும் ஒரே ஏலத்திற் கூடுதலால், முன்னினும் விலை ஏறும். ஆதலின், இடைத்தரமான பொருள்களைத் திரட்டி அவற்றைத் தம் மக்களுக்குச் செல்வமாக விட்டுச் செல்லலாம் என்று எண்ணியவர் ஏமாற்றம் அடைதற்கு இடமுண்டு. பொருள் குறைந்த மாணாக்கனுக்கோ நல்ல பழங்கத்தி ஒன்று எளிய விலைக்குக் கிடைக்க வழி உண்டாயிற்று.

நிற்க, இணையம் கத்தியை மட்டும் கொணரவில்லை. கத்தியைப் பற்றிய அறிவையும் கொணர்ந்தது. பழங்கத்தியின் வரலாறு பெரும்பாலும் அதன் அலகின் அடியிலுள்ள முத்திரையில் அடங்கியிருக்கின்றது. இங்கிலாந்தில் ஷெபீல்டைச் சார்ந்த கத்தித் தொழிலாளர் கழகம் 1624ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. தொழிலாளர் ஒவ்வொருவரும் பொறிக்க வேண்டிய முத்திரைகளைக் காத்தல் அதன் கடமைகளுள் ஒன்று. அமெரிக்கர் 1890ஆம் ஆண்டில் இயற்றிய சுங்கச் சட்டம், தம் நாட்டிற்குள் வரும் சரக்குகளில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. ஆகவே, பழங்கத்தியொன்றில் நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பின், அது பெரும்பாலும் அச்சட்டத்திற்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். ஜெர்மானியர் 1938ஆம் ஆண்டில் 'ஸோலிங்கன்' என்னும் ஊர்ப்பெயரைச் சட்டத்தாற் காத்து, அவ்வட்டாரத்திற் செய்யப்படாத கத்திகளில் அப்பெயர் பொறித்தலைத் தடுத்தனர். இத்தகைய செய்திகளை முன்னாளில் அறிய வேண்டின் பெரிய நூல்நிலையங்களை நாட வேண்டும். இப்பொழுது அவை கைப்பேசியிலேயே கிடைக்கின்றன.

தொழிற்சாலைகளின் பழைய விலைப்பட்டிகளும், புதுப்புனைவு உரிமைப் பத்திரங்களும் படம் பிடிக்கப்பெற்று மின்வலையில் இடப்பட்டுள்ளன. ஸ்விட்ஸர்லாந்தில் கார்ல் எல்ஸனர் என்பார் 1884ஆம் ஆண்டில் தொடங்கிய பட்டறை, 1897ஆம் ஆண்டில் அதிகாரிகள் கத்தி என்னும் பல்கருவிக் கத்திக்கு உரிமை பெற்றமையும், துருப்பிடியா எஃகின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து 1921ஆம் ஆண்டில் 'விக்டோரினாக்ஸ்' என்று பெயர் பூண்டமையும் இன்று எவரும் எளிதில் அறியலாம். நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தார் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், உரிமைத் தடை நீங்கிய தம் கலைப்பொருள்களின் படங்கள் 3,75,000க்கு மேற்பட்டவற்றை யாவரும் தடையின்றிப் பயன்படுத்துமாறு வழங்கினர். அவர்களுடைய படைக்கலத் தொகுதியின் படங்களும் அவற்றுள் அடங்கும். லண்டனில் 1851ஆம் ஆண்டு நிகழ்ந்த பெருங்காட்சிக்கென ஷெபீல்டு ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தார் செய்த, 75 அலகுகளும் கருவிகளும் உடைய பெருங்கத்தியை எவரும் விலைக்கு வாங்க இயலாது. ஆயினும் அதன் படத்தைக் கண்டு அதன் வேலைப்பாட்டை உணர எவர்க்கும் தடையில்லை. வாங்காமலே காணலாம், காணுதலே ஒருவகை உடைமையாம் என்னும் உண்மையை இணையம் கற்பிக்கக்கூடும். கற்பார் தாம் வேண்டும்.

செய்வோர்க்கும் வாங்குவோர்க்கும் இடையே இருந்த தூரமும் குறைந்துள்ளது. ஜப்பானில் மிகி என்னும் ஊரிற் பிறந்த 'ஹிகோநொகாமி' என்னும் எளிய மடக்குக் கத்தியை ஒருகாலத்தில் பல பட்டறையார் செய்தனர். இன்று அப்பெயருக்கு உரிமையோடு அதனைச் செய்யும் பட்டறை ஒன்றே எஞ்சியுளது. அதனை வாங்குவோரோ கடல் கடந்த நாடுகளிலும் உளர். அமெரிக்காவில் வில்லியம் மோரன் என்னும் கொல்லர், ஈரெஃகுகளை அடுக்கிக் காய்ச்சி இணைத்து மடித்து அடித்த, நீர்வரி போன்ற கோலம் தோன்றும் கத்திகளை 1973ஆம் ஆண்டுக் காட்சியொன்றில் வைத்தார். 1976ஆம் ஆண்டில் அமெரிக்கக் கத்திக் கொல்லர் கழகம் தோன்றிற்று. இன்று அத்தகைய கொல்லர் பலர் தம் உலைக்களத்தை அசையும் படங்களாகக் காட்டி, அயல்நாட்டாரிடமிருந்தும் நேரே வேலை பெறுகின்றனர்.

ஈண்டு நம் நாட்டிற்குரிய செய்தி ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். இக்காலத்தில் 'டமாஸ்கஸ் எஃகு' என்று விற்கப்படுவது பெரும்பாலும் மேற்கூறிய அடுக்கெஃகேயாகும். பழைய டமாஸ்கஸ் வாள்களோ வேறொரு வகையின. அவற்றிற்கு மூலமான எஃகு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்மூசையில் உருக்கி எடுக்கப்பட்டு, மேனாட்டாரால் 'ஊட்ஸ்' என்று வழங்கப்பட்டது. மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் இவ்வெஃகை 1819ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தார். ஜான் வெர்ஹூவன் என்னும் பேராசிரியரும் ஆல்பிரட் பெண்ட்ரே என்னும் கொல்லரும் கூடி உழைத்து, வனேடியம் முதலிய சில தனிமங்கள் மிகச் சிறிதளவு கலந்திருத்தலே அவ்வாள்களின் கோலத்திற்குக் காரணம் என்று 1998ஆம் ஆண்டில் விளக்கினர். இவ்வேறுபாட்டை அறிந்தவன் பெயரைக் கண்டு மயங்கான். அறியாதவன் புதிய அடுக்கெஃகைப் பழைய வாளின் வழித்தோன்றல் என்று நம்பி மிகுந்த விலை கொடுப்பான்.

இனி, இணையத்தால் விளையும் இடர்களைக் கூறுவோம். முதலாவது, அரைகுறை அறிவு. பிரான்சில் சவாய்ப் பகுதியைச் சார்ந்த ஜோசப் ஒப்பினல் 1890ஆம் ஆண்டில் ஆக்கிய மரப்பிடிக் கத்தி இன்றும் செய்யப்படுகின்றது. அதன் அலகு தானே மடங்கி விரலை வெட்டாதவாறு தடுக்கும் உலோக வளையம் 1955ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது. இதனைக் கேட்ட ஒருவர், வளையமில்லாத ஒப்பினல் எல்லாம் 1955க்கு முற்பட்டவை என்று முடிவு செய்துவிடலாம். ஆனால், 6ஆம் எண்ணுக்குக் குறைந்த சிறிய கத்திகளுக்கு இன்றும் வளையம் இல்லை. செய்தி உண்மை, முடிவு பொய். விரைந்து கிடைக்கும் அறிவு பெரும்பாலும் இத்தகையதே. ஒருவர் பிழையாக எழுதியதை நூறு பேர் படியெடுத்தல் எளிதாகையால், நூறு இடங்களிற் காணப்படுதல் உண்மைக்குச் சான்றாகாது.

இரண்டாவது, போலி. போலி முத்திரை இணையத்தோடு பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயல்நாட்டில் செய்த தாழ்ந்த கத்திகள் ஷெபீல்டு பெயரோடு விற்கப்பட்டமையால் எழுந்த முறையீடுகள், 1887ஆம் ஆண்டில் பிரிட்டனிற் சரக்கு முத்திரைச் சட்டம் இயற்றப்படுதற்குக் காரணமாயின. எனினும், முன்னாளிற் போலியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து ஐயுறுதற்கு இடமிருந்தது. இந்நாளிற் படத்தை மட்டும் கண்டு விலை கூறுகின்றோம். ஒரு கத்தியின் அலகையும் மற்றொன்றின் பிடியையும் சேர்த்து ஒரு 'பழங்கத்தி' ஆக்குவாரும் உளர். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ரெமிங்டன் நிறுவனத்தார் செய்த, பிடியில் தோட்டா வடிவச் சின்னம் பதித்த கத்திகள் மிக்க மதிப்புடையன. அவற்றின் வடிவைப் பின்பற்றிய புதிய கத்திகள் 1982ஆம் ஆண்டு முதல் நேர்மையாகவே வெளியிடப்பட்டன. புதியதைப் பழையதென்று மயங்கி வாங்குவோன் செய்தவனை நோதல் தகாது. வேறுபாட்டைக் கல்லாமையே அவன் இழப்பிற்குக் காரணம்.

மூன்றாவது, படத்திற் புலப்படாத குறைகள். பன்முறை சாணை பிடித்தமையால் அலகு மெலிந்திருக்கலாம். முதுகிலுள்ள வில் தளர்ந்திருக்கலாம். திறந்த அலகு பக்கவாட்டில் ஆடலாம். பிடியில் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கலாம். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. பழங்கத்திகள் சிலவற்றின் பிடி செல்லுலாய்டு என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. காலப்போக்கில் அது சிதைந்து புளிப்புத் தன்மையுடைய ஆவியை வெளிவிடும். அவ்வாவி அக்கத்தியின் அலகை மட்டுமன்றி, ஒரே பெட்டியில் வைத்த மற்றைக் கத்திகளையும் துருவேற்றிவிடும். நல்ல கத்திகள் பல உள்ள பெட்டியில் அறியாமல் வைத்த ஒன்று அனைத்தையும் கெடுத்தல் கூடும். இத்தகைய கத்திகளைப் பிரித்துக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். தூரத்திலிருந்து வாங்குவோர், பிடி எதனாலானது என்பதை முதலிற் கேட்டறிதல் நலம்.

நான்காவது, சட்டம். மின்வலையில் நாடுகளின் எல்லைக்கோடுகள் கண்ணுக்குத் தோன்றா. ஆனால் சுங்கச் சாவடியில் அவை தோன்றும். ஒரு பொத்தானை அழுத்தியவுடன் அலகு தானே வெளிப்படும் கத்திகளை மாநிலங்களுக்கிடையே வாணிகம் செய்தலை அமெரிக்கா 1958ஆம் ஆண்டிலும், அத்தகையவற்றின் விற்பனையைப் பிரிட்டன் 1959ஆம் ஆண்டிலும் தடுத்தன. 2019ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம், மின்வலையில் விற்கப்படும் கத்திகள் வீடுகளுக்குச் சேர்ப்பிக்கப்படுங்கால் பெறுவோருடைய வயது ஆராயப்படுதல் வேண்டும் என்னும் கட்டுப்பாட்டைக் கொணர்ந்தது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உடைய அலகு கொண்ட கத்திகளை, வீட்டு வேலை, உழவு, அறிவியல், கைத்தொழில் என்பவற்றிற்கு ஆனவை நீங்கலாக, படைக்கலங்களின் வரிசையில் வைத்துள்ளன. யானைத் தந்தத்தின் உலக வாணிகத்தை நாடுகள் 1989ஆம் ஆண்டில் தடுக்க முடிவு செய்தன. ஆகையால் தந்தப் பிடியுடைய பழங்கத்தியை எல்லை கடத்துவதும் இடருக்கு இடமாகும். ஒரு பொருள் விலைக்குக் கிடைக்கின்றது என்பதனாலேயே அதனை வைத்திருத்தல் முறையாகிவிடாது. கத்தி எத்துணைச் சிறியதாயினும், அதனைக் கல்லூரிக்கோ கூட்டங்களுக்கோ கொண்டு செல்லுதல் அறிவுடைமையன்று என்பதையும் மாணாக்கர் மறவாதிருப்பாராக.

இவை யாவற்றினும் பெரிய இடர் ஒன்று உளது; அது வெளியில் இல்லை, நம் உள்ளத்தில் உளது. கடை அடைக்கப்படுதல் என்பது இணையத்தில் இல்லை. நள்ளிரவிலும் அது திறந்திருக்கும். நாம் ஒருமுறை நோக்கிய பொருளை நினைவில் வைத்து, அதனைப் போன்ற பத்தை மறுநாள் நம் முன் நிறுத்தும். இன்னும் சிலவே எஞ்சியுள்ளன என்று விரைவுபடுத்தும். கண்டவுடன் வாங்கலாம், வாங்கிய பின் மாதந்தோறும் பகுதி பகுதியாகப் பணம் கட்டலாம். இவ்வாறு வந்து சேர்ந்த கத்திகளிற் சில, உறை பிரிக்கப்படாமலே பெட்டியிற் கிடப்பதும் உண்டு. அங்கே எண்ணிக்கை வளர்ந்தது, தொகுப்பு வளரவில்லை. தங்கக் கத்தி என்று வயிற்றில் குத்திக்கொள்வார் உண்டோ என்பது நம் நாட்டுப் பழமொழி. பொருள் எத்துணை அழகிதாயினும், நம் குடும்பத்தின் உணவையும் கல்வியையும் வெட்டுமாயின் அதனை விலக்குதலே தக்கது. நமக்கு அருளப்பெற்ற பொருளுக்கு நாம் உக்கிராணக்காரரேயன்றி உடையவரல்லேம் என்பதை நினைவிற் கொள்ளுதல் இங்கு நற்றுணையாகும்.

அங்ஙனமாயின், தொகுப்பு நன்முறையில் வளர்தற்கு வழி யாது? முன்னாளில் அருமை காவலாயிருந்தது; அக்காவலை இணையம் நீக்கிவிட்டது. இந்நாளில் அறிவே காவலாதல் வேண்டும். அதற்குரிய வழிகள் சில. முதலில், தொகுப்பிற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்க: ஒரு தொழிற்சாலை, ஒரு வடிவம், ஒரு தொழில், அல்லது ஒரு காலம். எல்லையுள்ள தொகுப்பே முற்றுப்பெறும். இரண்டாவது, ஒவ்வொரு கத்திக்கும் ஏட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அது செய்யப்பட்ட இடம், முத்திரை, அலகின் நீளம், பிடியின் பொருள், கிடைத்த நாள், கொடுத்த விலை, முன் வைத்திருந்தவர் கூறிய செய்தி ஆகியவற்றை எழுதுக. அப்பக்கம் எழுதி முடியும் வரையில் அடுத்த கத்தி வாங்கற்க. மூன்றாவது, இணையத்திற் கண்ட செய்தி ஒன்றைப் பழைய விலைப்பட்டியோடும் கையிலுள்ள பொருளோடும் ஒத்துப் பார்த்த பின்னரே கொள்க. நான்காவது, விலை உயர்ந்ததை வாங்குமுன் ஓர் இரவு கழியவிடுக. ஐந்தாவது, ஒரு கத்தியையேனும் எடுத்துச் சாணைக்கல்லில் தீட்டிப் பயன்படுத்திப் பார்க்க. எஃகின் இயல்பைக் கை அறிவதுபோல் கண் அறியாது. இணையம் கண்ணுக்கு அளிப்பதேயன்றிக் கைக்கு அளிப்பதன்று.

அறிவாக வளர்ந்த தொகுப்பிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இணையத்திற்கு முற்பட்ட காலத்திலேயே உளது. ஜார்ஜ் காமரன் ஸ்டோன் என்னும் அமெரிக்கர் பல நாட்டுப் படைக்கலங்களை வாழ்நாள் முழுதும் திரட்டினார். திரட்டியதோடு நில்லாது, அவற்றின் அமைப்பையும் அணிவேலையையும் பயனையும் அகரவரிசையில் விளக்கும் பெருநூல் ஒன்றை 1934ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1935ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அவர் தொகுத்தவை மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தைச் சார்ந்தன. அவர் ஒரு பொருளையும் தம்முடன் கொண்டு செல்லவில்லை. நூலும் பொருளும் நமக்கு எஞ்சின. இன்று நம் மாணாக்கன் ஒருவன், நியூயார்க் நகரைக் காணாமலே, அவர் விட்டுச் சென்ற நம் நாட்டுக் கட்டாரி ஒன்றைத் தன் கைப்பேசியிற் பார்க்கின்றான். அவர் அறிவாகத் திரட்டியதை இணையம் உலகிற்குப் பொதுவாக்கியது. இணையத்தின் சிறந்த பயன் இதுவே என்போம்.

இறுதியாக ஒன்று. உலகத்துக் கத்திகளைப் பற்றி இணையத்தில் நாம் பெறுவன பல. நாம் அளிப்பனவோ சிலவே. பனையேறுவோர் பாளை சீவும் அரிவாள், நெல்லறுக்கும் கருக்கரிவாள், அடுக்களையிலுள்ள அரிவாள்மனை, திருப்பாச்சேத்திக் கொல்லர் அடிக்கும் அரிவாள் என்பவற்றின் அளவும், உலையிடும் முறையும், உறுப்புக்களின் பெயர்களும், செய்த கைகளின் வரலாறும் எழுதப்பட வேண்டியவை. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணாக்கர், கொல்லுப்பட்டறையில் ஒரு நாள் அமர்ந்து, கொல்லரை வணங்கிக் கேட்டு, படம் எடுத்து, சொற்களைப் பிழையின்றிக் குறித்து வருவாராயின், ஒரு காசும் செலவின்றி அரியதோர் தொகுப்பிற்கு உரியவராவர். அதனைப் பொதுவில் வைத்தால், கடல் கடந்திருப்பவனும் அறிந்து மகிழ்வான். வாங்கிக் குவித்தலால் வளரும் தொகுப்பு பெட்டி நிறைந்ததும் நின்றுவிடும். அறிந்து பகிர்தலால் வளரும் தொகுப்பிற்கோ பெட்டியும் இல்லை, துருவும் இல்லை. நம் கல்லூரியின் இளைஞர் இவ்விரண்டாம் வகைத் தொகுப்பையே விரும்பி வளர்ப்பார்களாக.